கால் இல்லாத கணவன்மார்

போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவனுக்கு இரண்டே இரண்டு வசனம் தெரிந்தால் போதும்: ‘கொஞ்சம் சிரிங்க’, ‘வியாழக்கிழமை வாங்க’. எழுபதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்தில் கடை போட்டிருந்த எனக்கு முதல் வசனத்துக்கு அவ்வளவாக வேலை இருக்கவில்லை. என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் சிரிக்கிற நிலைமையில் இல்லாத பெண்கள். புருஷன் பினாங்கிலோ கிள்ளானிலோ சிங்கப்பூரிலோ இருப்பான். இவள் காசிமேட்டிலோ தண்டையார்பேட்டையிலோ இருப்பாள். முன்பெல்லாம் மூட்டையைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம். பிறகு சட்டம் மாறியது. அவன் அங்கே மனுப் போட வேண்டும், இவள் இங்கே மனுப் போட வேண்டும், இரண்டு மனுவும் எங்கேயோ ஒரு மேஜையில் சந்தித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் புருஷனும் பெண்டாட்டியும் சந்திக்கலாம்.

ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க அலைந்தவர்களுக்கும், மாமனார் பென்ஷனை மாமியார் பெயருக்கு மாற்ற நடந்து செருப்புத் தேய்ந்தவர்களுக்கும் நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்தானே. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேய் பிசாசு நம்பாதவன். நாள் பூராவும் இருட்டறையில் தனியாக நின்று பிழைக்கிறவன் அதையெல்லாம் நம்பினால் கட்டுப்படியாகாது.

பக்கத்தில் ஆளுக்கு இடம்

கல்யாணச் சான்றிதழ் மட்டும் போதாது, இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த படம் வேண்டும் என்று அக்கரைக்குப் போகப் பெர்மிட் கொடுக்கிற ஆபீஸில் கேட்பார்கள். பாதிப் பேரிடம் இருக்காது. அவர்களுக்காக ராயபுரம் ஸ்டூடியோக்கள் எல்லாவற்றிலும் நடந்த வேலைதான் ‘ஜாயின்ட் போட்டோ’. பெண்ணின் வலதுபக்கம் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு அவளை மட்டும் எடுப்போம். அக்கரையிலிருந்து புருஷன் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி, உருவத்தை பிளேடால் வெட்டி, அந்தக் காலி இடத்தில் ஒட்டி, ஓரத்தை பிரஷ்ஷால் மழுப்பி, மறுபடியும் ஒரு படம் எடுத்தால் தம்பதி தயார். யாரும் இதைத் தப்பாக நினைத்ததில்லை. கல்யாணம் உண்மை, படம் மட்டும்தானே ஒட்டு.

இதில் ஒரே ஒரு குறை. அங்கிருந்து வருகிற படங்கள் எல்லாம் இடுப்பு வரைதான் இருக்கும். ஒட்டுவதற்குக் கால் இருக்காது. அதனால் எங்கள் ஜாயின்ட் போட்டோக்கள் மொத்தமும் அரை உருவம். என்னிடம் டச்சிங் வேலை செய்த கோவிந்து, புளியந்தோப்பிலிருந்து சைக்கிளில் வருகிறவன், நெகட்டிவில் பென்சில் வைத்து அம்மைத் தழும்பையே காணாமல் அடிக்கிற கைகாரன். அவன் இந்தப் புருஷன்மாருக்குக் ‘கால் இல்லாத பார்ட்டி’ என்று பெயர் வைத்திருந்தான். கால் இல்லாமல் நடமாடுவது எது என்று நம் ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். கஸ்டமர் காதில் விழும்படி இதைச் சொல்லாதே என்று அவனை அதட்டி வைத்திருந்தேன்.

செலின் முதல் தடவை என் கடைக்கு வந்தது இந்த ஜாயின்ட் போட்டோவுக்குத்தான். திருவொற்றியூரில் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை செய்கிற பெண். புருஷன் ராயப்பனுக்குப் பினாங்கு துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற விஞ்ச் ஓட்டுகிற வேலை. லீவில் வந்தவர், தவக்காலம் பிறந்துவிட்டால் கோயிலில் கல்யாணம் நடக்காதே என்று அவசர அவசரமாகக் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லி, மாதா கோயிலில் தாலி கட்டி, மாலை வாடுவதற்குள் கப்பல் ஏறிவிட்டார். படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அவரோடு போய்க் குடித்தனம் பண்ண வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான். நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லும்மா, ஆளுக்கு எடம் பத்தாது” என்றேன். அவள் நகரவில்லை. வலதுபக்கம் திரும்பி, நிமிர்ந்து, அளவு பார்ப்பதுபோல ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“போதும் அண்ணே. அவரு இங்கதான் நிக்கிறாரு, எனக்குத் தெரியும்.”

ஆறு மாதத்துக்கு ஒரு முகம்

மனுவோடு கொடுக்கிற பாஸ்போர்ட் படம் ஆறு மாதத்துக்கு மேல் பழசாக இருக்கக்கூடாது என்று ஒரு விதி. மனு ஆறு மாதத்தில் நகராது என்பது அவர்கள் எழுதி வைக்காத விதி. ஆகவே செலின் மாதிரியான பெண்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து புதிதாகப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். எனக்கு வியாபாரம் நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் பாருங்கள், ஒரே பெண்ணின் முகத்தை ஆறு மாதத்துக்கு ஒன்றாக வரிசையில் அடுக்கிப் பார்க்கிற அவஸ்தை போட்டோக்காரனைத் தவிர வேறு யாருக்கும் கிடையாது. பெற்ற தாய்கூட தினம் பார்ப்பதால் கவனிக்கமாட்டாள். கன்னம் எப்போது ஒட்டியது, கண்ணுக்குக் கீழே எப்போது கறுத்தது, எல்லாம் என் மேஜை டிராயரில் இருந்தது. ஜாயின்ட் போட்டோவில் இருந்த புருஷன் மட்டும் அன்றைக்கு ஒட்டியபடியே, தலைமுடி கலையாமல் நின்றுகொண்டிருப்பான்.

முகத்துவாரக்குப்பத்தில் கன்னியம்மா என்று ஒருத்தி. அவள் புருஷன் சிங்கப்பூரில் சமையல் வேலையில் இருந்தான். காத்திருந்து காத்திருந்து பாதியாகப் போனாள். ஒரு நாள் ஆபீஸில் கூப்பிட்டிருக்கிறார்கள். போனவளை நிற்கவைத்து, மனுவில் இருந்த படத்தையும் அவள் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இது நீ இல்லை, படத்தில் இருக்கிற பெண்ணை வரச் சொல் என்று அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து நேரே என் கடைக்கு வந்து விழுந்தாள். பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து நானும் பார்த்தேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. படத்தில் இருந்தவள்தான் கன்னியம்மா மாதிரி இருந்தாள். எதிரே நின்றவள் அவளுக்கு ஏதோ தூரத்து உறவு போல இருந்தாள். கோவிந்து என் தோளுக்கு மேலே எட்டி, அவனும் படத்தையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். கன்னியம்மா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“படத்துல கீறவதான் நெஜமாம், நான் டூப்பாம். அப்ப அவளயே கப்பல் ஏத்தி வுட்டுடு அண்ணே, எனக்கு வூட்ல வேல கீது.”

ஷோகேஸில் நிற்கிற ஆள்

வாசலில் ஒரு கண்ணாடி ஷோகேஸ் வைத்திருந்தேன். நன்றாக வந்த ஜாயின்ட் போட்டோக்களை அதில் மாட்டுவது வழக்கம். ஒரு மத்தியானம், அக்கரை மோஸ்தரில் சட்டை போட்ட ஓர் ஆள் விடுவிடுவென்று உள்ளே வந்து, “வெளிய என் சம்சாரத்தாண்ட ஒட்டிக்கினு நிக்கிறானே, யாரு அந்தப் பேமானி?” என்று கத்தினார். செலின் அப்போது தன் அடுத்த ஆறு மாதப் படத்துக்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே போய் அவர் காட்டிய படத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு வந்துவிட்டது. கிள்ளானிலிருந்து லீவில் வந்திருந்த அவர் காட்டியது அவரையேதான்.

கோவிந்துவின் கைவண்ணம் அது. வழுக்கைக்கு முடி போட்டு, புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பை மறைத்து, தோளை அகலப்படுத்தி, ஆளை ஜோராக ஆக்கியிருந்தான். நான் உள்ளே கூட்டிவந்து, அவர் அனுப்பிய பழைய படத்தைத் தேடி எடுத்துக் காட்டி, “இது நீங்க அனுப்சது, அது அதுலேர்ந்து பண்ணது. அது நீங்கதாங்க” என்றேன். அவர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேஜைமேல் இருந்த கைக்கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். கோபம் போய்விட்டது. போன கோபத்தின் இடத்தில் வேறு என்னவோ வந்து உட்கார்ந்தது, அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. “இத்தினி வருசமா எம் பொண்டாட்டி இவனத்தான் பாத்துக்கினு இருந்தாளா?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். பிறகு ஷோகேஸில் இருந்த படத்தைக் கழற்றித் தரச் சொல்லி, முகம் வெளியே தெரியாமல் குப்புறப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் சமாளித்துக்கொண்டு, “பாரும்மா, சொந்த மூஞ்சியே அடையாளம் தெரியாத ஆளுங்கள்லாம் இருக்காங்க” என்று செலினிடம் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் பதில் சொன்ன பிறகு எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

“அவுருக்காச்சும் அவரு மூஞ்சி ஞாபகம் கீது. நான் எங்க வூட்டுக்காரர நெனச்சா, நீங்க ஒட்டுன மூஞ்சிதான் அண்ணே வருது.”

வெளிச்சத்தைப் பார்த்து விழுந்த நிழல்

அதற்குப் பிறகு செலினின் மனு ஒரு தடவை திரும்பி வந்தது. காரணம், போட்டோவில் பின்னால் நிழல் இருக்கிறதாம். பாஸ்போர்ட் படத்துக்குப் பின்னால் வெள்ளைத் திரை கட்டுவோம். அதில் நிழல் விழுந்தால் எடுத்தவனுக்குத் தொழில் தெரியாது என்று அர்த்தம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. படத்தை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். உண்மைதான். அவளுடைய வலது தோளுக்குப் பக்கத்தில், திரைமேல், லேசாக ஒரு கறுப்பு. அதில்தான் தகராறே. என் கடையில் ஜன்னல் இருப்பது உட்காருபவரின் வலதுபக்கம். வெளிச்சம் அங்கிருந்து வந்தால் நிழல் இடதுபக்கம் அல்லவா விழ வேண்டும்? இது வெளிச்சத்தைப் பார்த்து விழுந்திருந்தது.

மறுபடி எடுத்தேன். ஸ்டூலில் நடுவில் உட்காரச் சொன்னால், பாதி இடத்தைக் காலியாக விட்டு ஓரத்தில் உட்காருவாள். ஜாயின்ட் போட்டோ எடுத்த பழக்கதோஷம் என்று நினைத்து, நகர்ந்து உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். இருட்டறையில் சிவப்பு விளக்கில் பேப்பரை மருந்துத் தட்டில் போட்டேன். முதலில் வெறும் வெள்ளையாக இருக்கும், பிறகு தலைமுடி, புருவம், கண் என்று எழுந்து வரும், எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். அன்றைக்கு அவள் முகத்துக்கு முன்னால் அந்தக் கறுப்பு வந்தது. அது வந்து நின்ற பிறகுதான் அவள் வந்தாள். வெளியே துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது, தட்டில் இருந்த தண்ணீர் நடுங்கியது, நானும்தான். மருந்து பழசு என்று சொல்லிக்கொண்டு கொட்டிவிட்டுப் புது மருந்து கலக்கினேன். கேமராவில் ஓட்டை என்று கறுப்பு டேப் ஒட்டினேன். அதே ஸ்டூலில், அதே ஃபிலிமில், கோவிந்துவை உட்காரவைத்து எடுத்தேன். துடைத்துவைத்த மாதிரி வந்தான். கோவிந்து செலினின் நெகட்டிவில் பென்சில் ஏற்றி அதை மூடப் பார்த்தான். மூடிக் கொடுத்த படமும் நிழல் என்று திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அவள் மனு வரிசையின் கடைசிக்குப் போய்விடும். கோவிந்து பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “மூட மூட நல்லாத் தெரியுது நைனா. ஒரு ஆளோட தோளு மாரி கீது. அந்தாளு போயிட்டாரு, நமக்குத்தான் தந்தி வரல” என்று கிசுகிசுத்தான். நான் செலினிடம் பட்டும் படாமல், ஊட்டுக்காரர்கிட்டேயிருந்து கடுதாசி வருதாம்மா என்று கேட்டேன். மாசாமாசம் வருகிறது என்றாள். கோவிந்து அதற்கும் சமாதானம் ஆகவில்லை. வாரக்கணக்காகக் கப்பலில் வருகிற கடுதாசியை வைத்து ஆள் இன்னும் இருக்கிறான் என்று எப்படிச் சொல்வது என்றான்.

மூன்றாவது தடவை உட்கார்ந்தபோது அவளுக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தத் தடவையும் திரும்பி வந்தால் மனுவையே மூடிவிடுவதாக ஆபீஸில் சொல்லிவிட்டார்களாம். நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு தயாராக நின்றேன். அவள் என்னைப் பார்க்காமல் வலதுபக்கம் முகத்தைத் திருப்பினாள். வீட்டில் புருஷனிடம் பேசுகிற குரலில், கெஞ்சலும் கோபமுமாக, மெதுவாகப் பேசினாள். பிறகு நேராகத் திரும்பி, ஸ்டூலின் நடுவில் நன்றாக நகர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் படத்தில் திரை வெள்ளைவெளேரென்று வந்தது. அவள் பேசியதை நான் காதால் கேட்டேன்.

“இன்னாங்க, கொஞ்சம் அந்தாண்ட போய் நில்லுங்க. நீங்க இங்க நின்னுகினு கீறதாலதான் நான் அங்க வர முடியல.”

அரை உருவம் ஏன்?

ஒரு வழியாக செலினை நேரில் விசாரிக்கக் கூப்பிட்டார்கள். விசாரணை முடிந்ததும் அவள் பஸ் பிடித்து வீட்டுக்குப் போகாமல் நேரே என் கடைக்கு வந்தாள். நான் அவளைப் பார்த்த நாளிலிருந்து முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியைக் கண்டதில்லை. நடந்ததைச் சொன்னாள். அதிகாரி கோயில் சான்றிதழை ஓரமாகத் தள்ளிவிட்டாராம். இதெல்லாம் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றாராம். ஜாயின்ட் போட்டோவை எடுத்து முன்னால் வைத்தாராம். இந்த ஊர்க்காரர்கள் கொண்டுவருகிற படங்களில் புருஷன்களுக்குக் காலே இல்லையே, ஏன் எல்லாம் இடுப்போடு நிற்கிறது என்று கேட்டாராம். பிளேடையும் பசையையும் கண்டுபிடித்துவிட்டார்கள், இவள் மனு மட்டுமல்ல, ராயபுரத்துப் பெண்கள் அத்தனை பேர் மனுவும் போச்சு என்று நினைத்தேன். “நீ இன்னாம்மா சொன்ன?” என்றேன். நடந்ததைச் சொன்னேன் என்றாள்.

நடந்ததாக அவள் சொன்னது இது. படம் எடுக்கிற அன்றைக்கு அவர் புது பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார், கறுப்பு. ஸ்டூடியோவில் திரைக்குப் பின்னால், தலை சீவுகிற கண்ணாடிக்குக் கீழே பலகையில் இருக்கிற பவுடர் டப்பாவை முழங்கை பட்டுத் தள்ளிவிட்டார். மூடி திறந்து பூட்ஸெல்லாம் வெள்ளையாகிவிட்டது. எவ்வளவு துடைத்தும் போகவில்லை. அதனால் ஸ்டூடியோக்காரர் கால் தெரியாமல் இடுப்பு வரைக்கும் எடுத்தார். அதிகாரி மறு பேச்சுப் பேசாமல் எழுதிக்கொண்டாராம். பலே, நல்ல சமயோசிதம் என்று நான் மெச்சிக்கொண்டேன். “ஜோராப் புளுகியிருக்கியே” என்று பாராட்டவும் செய்தேன். அவள் முகம் மாறியது. திரைக்குப் பின்னால் எட்டிக் கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கேலியில்லை, நடிப்பில்லை. “அவரு இந்தக் கடைக்கு வந்ததே இல்லையேம்மா. அவரு கப்பல் ஏறி ஒரு வருசம் கழிச்சுத்தானே நான் கடையே தொறந்தேன்” என்றேன். உடம்பு சரியில்லாதவனைப் பார்ப்பதுபோல அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“இன்னாண்ணே இப்டி சொல்ற? நீதானே குனிஞ்சு துண்டால தொடச்சு வுட்ட.”

முழு உருவம்

பெர்மிட் வந்துவிட்டது. காலண்டரில் சாமி படம் மாறி மாறி வந்து கடைசியில் அது வந்தே விட்டது. பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போக ராயப்பனே லீவில் வந்தார். கப்பலுக்கு இரண்டு நாள் முன்னால், தலையிலிருந்து கால் வரை தெரிகிற மாதிரி சேர்ந்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்று இருவரும் கடைக்கு வந்தார்கள். வாசலில் ஆள் நிழல் விழுந்ததும் நானும் கோவிந்துவும் மரியாதை கெட்டு முதலில் பார்த்தது அவர் காலைத்தான். இருந்தது. இரண்டும் இருந்தன. பளபளவென்று பாலிஷ் போட்ட பூட்ஸுக்குள் இருந்தன. கோவிந்து, “வா நைனா, வா, ஒக்காரு” என்று கூத்தாடினான். எனக்கும் உயிர் வந்தது. செலின் நிமிஷத்துக்கு ஒரு தடவை அவர் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவர் நான் ஒட்டிய படத்தைவிடக் கொஞ்சம் பூசியிருந்தார், காதோரம் நரைத்திருந்தது. அவளைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, என் கண்ணே கலங்கிவிட்டது.

எங்கே போய்த் தலை சீவுவது என்று எல்லாக் கஸ்டமரும் கேட்பார்கள், கண்ணாடி திரைக்குப் பின்னால் மறைவாக இருந்ததால். அவர் கேட்கவில்லை. நேரே திரையைச் சுற்றிக்கொண்டு போனார். பலகை ஓரத்தில் இருந்த பவுடர் டப்பாவை எடுத்து, மூடியை அழுத்திப் பார்த்து, உள்பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, பிறகு சீப்பை எடுத்தார். தன் பூட்ஸை ஒரு தடவை குனிந்தும் பார்த்துக்கொண்டார். கோவிந்து எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டான். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, பெர்மிட் எப்படிங்க கிடைச்சுது என்று கேட்டேன். அங்கேயும் கூப்பிட்டு விசாரித்தார்களாம். நான் ஒட்டிய ஜாயின்ட் போட்டோவை வைத்து, ஏன் அரை உருவம் என்று அதே கேள்வியைக் கேட்டார்களாம். பூட்ஸில் பவுடர் கொட்டிவிட்டது என்று சொன்னாராம். அது செலினை இங்கே கூப்பிடுவதற்கு முந்தின மாதம். அவளுக்கு என்ன கேட்பார்கள் என்றே அப்போது தெரியாது. இரண்டு பேர் சொன்னதும் ஒன்றாக இருந்ததால் உடனே பெர்மிட் கொடுத்துவிட்டார்கள். “இப்படி ஒரு விசயம் சொன்னேன்னு செலினுக்குக் கடுதாசியில எழுதினீங்களா?” என்று மட்டும் கேட்டேன். அவர் சீப்பைப் பலகையில் வைத்துவிட்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“அதுல எழுதறதுக்கு இன்னாண்ணே கீது? அவளுந்தான் கூட இருந்தாளே.”

ஆகவே, மனுப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் சக பெஞ்சுக்காரர்களே, நடந்ததை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், ஏனென்றால் மாதா கோயிலில் ஊரே பார்க்க நடந்த கல்யாணத்தை அத்தனை வருஷம் நம்பாத ஆபீஸ், என் கடையில் நடக்கவே நடக்காத ஒன்றைக் கேட்டதும் நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டது.